பந்துக்கு வழிவிட்டு வீடு நகருமா?

தன் முற்றத்தில் நிற்பவன் தலைக்கவசம் அணிந்துதான் நிற்க வேண்டுமென்று எவரேனும் சொன்னால் அவரைப் பித்தரென்போம். ஆயின், கோல்ப் மைதானங்களின் அயலிலே குடியிருப்போரை நோக்கி மைதானத்தார் கூறிவருவது இதுவன்றி வேறென்ன? “பந்து வருமென்று தெரிந்துதானே வந்தீர்கள்?” என்கின்றனர். இது நீதியாகுமா?

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே, கிங்ஸ்ரன் என்னும் ஊரில் நிகழ்ந்ததைப் பாருங்கள். இந்தியன் பொண்ட் கழகத்தின் 15ஆவது குழிக்கான ஆடுபாதையின் ஓரத்தில், 2017இல் ஒரு குடும்பம் வீடு வாங்கிற்று. சில ஆண்டுகளில் அவ்வளவிலே வந்து விழுந்த பந்துகள் அறுநூற்றுக்கு மேல்! சாளரங்கள் நொறுங்கின, பிள்ளைகள் முற்றத்தில் விளையாட அஞ்சினர். 2021 டிசெம்பரில் ஜூரிமார் 35 இலட்சம் டொலர் நட்டஈடு விதித்தனர். 2022 டிசெம்பரில் மாநிலத்தின் மிகவுயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. பந்து விழவில்லையென்றா தள்ளிற்று? அன்று! மைதானத்தை நியாயமாக நடத்துவதற்கான உரிமை காணிப் பத்திரங்களில் எழுதப்பட்டிருந்தது. அதனைக் கருத்திற் கொள்ளும்படி ஜூரிமாருக்கு அறிவுறுத்தப்படவில்லை என்பதே காரணம்.

உரிமை எழுதப்பட்டிருந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் “நியாயமாக” என்ற சொல்லும் அங்கேதான் இருக்கிறது. என்றோ ஒருநாள் வழிதவறி வரும் பந்தை அயலவன் பொறுக்கலாம், பொறுக்கவும் வேண்டும். நாள்தோறும் பொழியும் கல்மாரியைப் பொறுப்பதும் நியாயத்துள் அடங்குமோ? வழக்கின் போக்கிலே கழகம் அடிமேடையை மாற்றியமைத்தது. பந்துகள் வீட்டைத் தாக்குவது நின்றது. இலட்சக்கணக்கான டொலர் வழக்காடித் தீராத வினையை மண்வெட்டியும் புற்கரணையும் தீர்த்துவிட்டன! அதனை முதலாம் ஆண்டிலேயே செய்யத் தடுத்தது யாது?

இது புதிய ஞானமுமன்று. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில், வீதியால் சென்ற வாடகைக்கார்ச் சாரதி ஒருவர், 13ஆவது குழியை நோக்கி அடிக்கப்பட்ட பந்தினால் ஒரு கண்ணை இழந்தார். அடித்தவர்மீது மட்டும் பழியைப் போட்டுக் கழகம் தப்ப முடியவில்லை. வீதியோரமாக அக்குழி அமைந்த இடமே பொதுத் தொல்லை என்று 1922இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் கையில் மட்டுமன்று, அமைப்பிலும் உண்டு என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே சட்டம் கண்டுகொண்டது.

காரணமும் எளிது. வலக்கை ஆட்டக்காரர் பலரின் தவறிய அடி வலப்புறமாகவே வளைந்தோடும். ஆடுபாதை வளையுமிடத்திலோ, வல்லவர்கள் மூலையைக் குறுக்கறுத்து அடிக்க முயல்வர். வளைவின் உட்புறத்தில் வீடிருந்தால் அவ்வீடே இலக்கு. ஆகவே அடிமேடையை நகர்த்துக. அடிக்கும் திசையை வீட்டிலிருந்து திருப்புக. பசுந்திடலை மறுபுறம் ஒதுக்குக. வேண்டின் குழியைக் குறுக்குக. மரம் நட்டால் அது வளரப் பல்லாண்டு செல்லும். வலை கட்டினாலோ உயர எழும் பந்து அதனைத் தாண்டிப் போகும், சிறையிருப்பது வீட்டுக்காரனே.

“குழியின் பழைமை கெடும்” என்பர் சிலர். அடிமேடை இடம்பெயர்ந்தால் ஆட்டம் அழியாது. கண் போனால் மீளாது. “பின்னர் வந்தவன் முறையிடலாகாது” என்பர் வேறு சிலர். பின்னர் வந்தான் என்பது மட்டும் தொல்லை செய்தவனுக்கு அரணாகாதென்று இங்கிலாந்து நீதிமன்றம் 1879இலேயே கூறிற்று. 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

தன் வயலுக்கு இறைக்கும் நீர் அயலவன் வீட்டுக்குள் பாய்ந்தால் வாய்க்காலைத் திருப்புகிறவன் கமக்காரன். அயலவனைக் கூரைமேல் ஏறச் சொல்பவனல்லன். அந்த நெறியைத்தான் கழகங்களிடம் கேட்கிறோம். காணியைத் துண்டாடி விற்குமுன் பந்து செல்லும் வழியை அளந்து பாருங்கள். விற்றபின் பிழை தெரிந்தால் உங்கள் செலவிலே குழியைத் திருத்துங்கள். ஆட்டம் உங்களுடையதாயின் அதன் ஆபத்தும் உங்களுடையதே!