ஒரு பருக்கையும் ஒரு வாவியும்

புள்ளிவிபரவியல் என்றதும் மாணவர் பலர் சூத்திரங்களை மனனஞ் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். கூட்டுவர், வகுப்பர், விடையுஞ் சரியாக வரும். அவ்விடையை ஏன் நம்பலாம் என்று வினவினால் மட்டும் மௌனமே பதில். இக்குறையை நீக்க அடுப்பங்கரையே போதும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து முழுப் பானைக்குந் தீர்ப்புக் கூறுகிறாள் தாய். உலைநீர் கொதித்துப் புரட்டுகிறது, அகப்பையுங் கிளறுகிறது. ஆதலால் எந்தப் பருக்கையும் மற்றவற்றின் பிரதிநிதியாகிறது.

இனி நம் மட்டக்களப்பு வாவியைப் பார்ப்போம். முகத்துவாரத்தருகே ஒரு சிரங்கை நீரள்ளிச் சுவைத்தால் உப்புக் கரிக்கும். தெற்கே செல்லச் செல்ல உப்புக் குறையும். மாரியில் ஒரு சுவை, கோடையில் வேறொரு சுவை. முகத்துவாரத்திலேயே நூறு குடம் அள்ளினாலும் வாவி முழுவதையும் அறிந்தவராகோம். வாவியைக் கிளற அகப்பை இல்லை. அள்ளுபவரே பல இடங்களுக்கும் பல காலங்களிலுஞ் செல்லவேண்டும்.

இது வெறும் விளையாட்டன்று. படுவான்கரையிலே பெரும்போக விளைச்சலை மதிப்பிட, வயலிற் சிறு துண்டொன்றை அறுத்து நிறுக்கவேண்டும். எந்தத் துண்டை? உழவர் செழித்ததைக் காட்டலாம். அலுவலர் கால் நனையாமல் வரம்போரத்தையே நாடலாம். எவரும் பொய் கூறாமலே கணக்குப் பொய்த்துவிடும். இல்லாத நெல்லை உண்டென நம்பி நாடு வாளாவிருந்தால், முதலிற் பசிப்பவர் ஏழையரே.

இதற்கு மருந்து எழுமாற்றுத் தெரிவு. கண்ணும் விருப்பமும் தெரிவு செய்யாது, குலுக்கலைப்போன்ற முறையொன்றே துண்டைத் தெரிவு செய்யும். பீகார், ஒரிசா நெல்வயல்களில் இவ்வாறு அறுத்துப் பார்த்த ஹபக் என்னும் அதிகாரி, தம் முடிபுகளை 1927இல் வெளியிட்டார். பின்னர் வங்காளத்து மகலனோபிசு மாதிரி அளவீட்டை மேலும் வளர்த்தார். இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களமும் பயிரறுத்து நிறுக்கும் முறையாலேயே நெல் விளைச்சலை மதிப்பிடுகிறது.

மாணவர்களே, நாளை வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். பாடசாலைக்கு வர எத்தனை நிமிடமாகிறதென முதலில் வந்த ஐவரைக் கேளுங்கள். பின்னர் எல்லோர் பெயரையுஞ் சீட்டிலெழுதிக் குலுக்கி, ஐவரைத் தெரிந்து கேளுங்கள். மீண்டுங் குலுக்குங்கள், சராசரி சற்றே மாறும். அம்மாற்றம் எவ்வளவு என்பதை அளப்பதற்கே சூத்திரம் பிறந்தது. அதை உணர்ந்தபின் சூத்திரத்தைப் படியுங்கள். அது தானே மனத்திற் பதியும்.