'வெள்ளைக்காரங்க நோய்' நம்ம பிள்ளைக்கும் வருமா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உடலில் என்ன செய்கிறது?

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு குழந்தைக்கு இருமல் மாதக்கணக்கில் ஓயவில்லை என்றால், முதலில் ஆஸ்துமா என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது. 'அது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோய்தானே' என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. இந்திய வம்சாவளியினருக்கும் இது வருகிறது. சந்தேகிக்காததால் பலருக்குக் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

இது பரம்பரை நோய். 1989-ல் கண்டறியப்பட்ட சிஎஃப்டிஆர் என்ற மரபணு, செல்லிலிருந்து உப்பு வெளியேற ஒரு வாசல் அமைக்கிறது. அந்த வாசல் பழுதானால் உப்பு வெளியே வராது, அதன் பின்னால் வரவேண்டிய தண்ணீரும் வராது. சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும். நுரையீரலில் கிருமிகள் தங்கி, திரும்பத் திரும்ப நிமோனியா வரும். கணையத்தின் குழாய்கள் அடைபட்டு, செரிமான நொதிகள் குடலுக்குப் போய்ச் சேராது. பிள்ளை நன்றாகச் சாப்பிடும், ஆனால் எடை ஏறாது. மலம் எண்ணெய்ப் பசையோடு நாறும். வளர்ந்தபின் சர்க்கரை நோயும் வரலாம்.

வியர்வையில் கதை தலைகீழ். அங்கே உப்பை உடம்புக்குள் திரும்ப இழுப்பதும் இதே வாசல்தான். பழுதானால் உப்பு வெளியே கொட்டும். 1948-ல் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை அடித்தபோது, சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் இருந்தது. காரணம் வியர்வையில் போகும் உப்புதான் என்று 1953-ல் தெரிந்தது. நியூயார்க்குக்கு அது ஒரு கோடைக்காலத்துச் செய்தி. கோலாலம்பூரில் 32, 33 டிகிரி தினசரி விஷயம்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

வியர்வைச் சோதனை போதும். ஊசி கிடையாது, வலிக்காது. குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருக்க அதிக வாய்ப்பு. பிரிட்டனில் 2007 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதற்கான பரிசோதனை உண்டு. இங்கே பிறந்தவுடன் வழக்கமாகப் பார்ப்பது ஜி6பிடி குறைபாடும் தைராய்டும்தான்.

அப்பா, அம்மா இருவரும் அறிகுறியே இல்லாமல் இந்த மரபணுவைச் சுமக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம் இருவருமே சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு கூடுதல். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் கணக்கு அப்படி.

2019-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற டிரிகாஃப்டா மருந்து பலரின் வாழ்க்கையையே மாற்றியது. அங்கே அதன் பட்டியல் விலை வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். விலை மட்டும் இல்லை, இன்னொரு சிக்கலும் இருக்கு. ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் எஃப்508டெல் என்ற மரபணு மாற்றத்தை முதன்மையாக வைத்து உருவான மருந்து இது. இந்திய நோயாளிகளிடம் அந்த மாற்றத்தின் பங்கு குறைவு. மேற்கில் பொதுவான மாற்றங்களை மட்டும் தேடும் மரபணுச் சோதனையில் நம் பிள்ளை தப்பிவிடக்கூடும்.

அதனால், அடிக்கடி நிமோனியா, ஏறாத எடை, முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் தோல் எல்லாம் ஒரே குழந்தையிடம் தெரிந்தால், டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "வியர்வைச் சோதனை செஞ்சு பார்க்கலாமா, டாக்டர்?"