வேகத்துக்கு ரோடு வேண்டாம்



போன பொங்கலுக்கு எங்க பெரியம்மா பையன் வேட்டைக்காரன்புதூர் ரோட்டுல கூட்டாளியோட பைக் ரேஸ் விட்டான். குறுக்கே ஒரு ஆடு வந்துருச்சு. ஹெல்மெட் தலையில் இல்லை, பெட்ரோல் டேங்க் மேல இருந்துச்சு. ஆடு செத்துப்போச்சு. அண்ணனுக்குக் காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். “ஏண்ணா இப்படிப் பண்ணுன?” என்று கேட்டேன். “வேகமாப் போறதுன்னா எனக்கு உசுரு கண்ணு. நான் வேற எங்க போயி ஓட்டறது?” என்றான். எல்லாரும் அவனைத் திட்டினார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003-ல் திறந்தார்கள். ஒரு சுற்று சுமார் 2 கிலோமீட்டர். அங்கே எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் போகும். எதிரில் பஸ் வராது, ஆடு வராது. மஞ்சள் கொடி காட்டினால் முந்தக்கூடாது, சிவப்புக் கொடி காட்டினால் ரேஸ் நின்றுவிடும். ஹெல்மெட் கட்டாயம். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். அங்கேயும் விபத்து நடக்கும். ஆனால் நடக்கும் என்று முன்கூட்டியே நினைத்து எல்லாம் செய்திருக்கிறார்கள்.

இது நமக்குப் புதுசா? ரேக்ளா பந்தயத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்து, கொடி காட்டித்தானே வண்டி விடுகிறோம்! மாட்டு வண்டிக்கே தனியாக ஒரு தடம் வேண்டும் என்றால் பைக்குக்கு வேண்டாமா?

“அதெல்லாம் பணக்காரப் பசங்க விளையாட்டு” என்று அப்பா சொல்கிறார். செலவு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த டிராக்குக்குப் பேர் வைத்திருக்கிறார்களே, அந்தக் கரிவர்தன் கோவைக்காரர். மாருதி 800 எஞ்சினை வைத்து, குறைந்த செலவில் ரேஸ் கார் செய்தவர். நிறையப் பேர் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைதான். இப்போது கல்லூரி அண்ணன், அக்காக்கள் தாங்களே செய்த காரை அந்த டிராக்குக்குக் கொண்டுவந்து போட்டி போடுகிறார்கள்.

அதனால் என் கருத்து இதுதான். அரசாங்கமும் டிராக் நடத்துகிறவர்களும் சேர்ந்து மாதம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். லைசென்ஸ், ஹெல்மெட் இருக்கிற கிராமத்துப் பசங்க குறைந்த கட்டணத்தில் சொந்த பைக்கை ஓட்டலாம். வளைவில் எப்படித் திருப்புவது, எப்படி பிரேக் பிடிப்பது என்று அங்கே சொல்லித்தர வேண்டும். பொண்ணுங்களையும் விட வேண்டும். பெங்களூர் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பைக் ரேஸில் உலகக் கோப்பையே வாங்கினார்.

ஒரு நாள் ஓட்டினால் ரோட்டு ரேஸ் நின்றுவிடுமா என்று கேட்கலாம். எல்லாரும் நிறுத்த மாட்டார்கள். எங்க அண்ணன் நிறுத்தியிருப்பான்.

அதுவரைக்கும் அண்ணன்மார்களே, ரோட்டுல மெதுவாப் போங்க. அதே ரோட்டுலதான் நாங்க நடந்து பள்ளிக்கூடம் வர்றோம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆனைமலை