தொண்டைக் கட்டும் கண்திருஷ்டியும்

தொண்டை கட்டிக்கொண்டால் நம் மக்கள் முதலில் செய்வது மிளகைக் கடிப்பது. பிறகு திருஷ்டி கழிப்பது. அதன் பிறகு மந்திரித்துக் கயிறு கட்டுவது. வைத்தியரிடம் போவது எல்லாவற்றிற்கும் கடைசியில்தான். இந்த வரிசை சரியானதுதானா என்று தோழர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

குரல் என்பது எந்தத் தேவதையும் நாக்கில் எழுதிவைத்த வரமல்ல. மூச்சுக்குழலின் மேல்முனையில் இருக்கும் குரல்வளைக்குள் இரண்டு சிறு சதை மடிப்புகள் உண்டு. மூச்சுக்காற்று பட்டு அவை ஆண்களுக்கு வினாடிக்குச் சுமார் 100 தடவையும், பெண்களுக்குச் சுமார் 200 தடவையும் அதிர்வதே குரலாகும். அம்மடிப்புகள் வீங்கினாலும், அவற்றில் ஏதேனும் முளைத்தாலும், அவற்றை அசைக்கும் நரம்பு கெட்டாலும் குரல் கம்மிப்போகும். இதில் எவர் கண்ணுக்கும் வேலை இல்லை.

சளியினாலோ, சந்தையில் கூவுவதாலோ, மேடையில் முழங்குவதாலோ வந்த கம்மல் பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் தானே போய்விடும். அதற்கு வேண்டியதெல்லாம் பேச்சைக் குறைப்பதும், தண்ணீர் குடிப்பதும், புகையை விடுவதுமே. கிசுகிசுவென்று பேசுவது ஓய்வாகாது, அதுவும் சிரமமே. மிளகும் அதிமதுரமும் இதமாயிருக்கலாம். ஆனால் விழுங்குவது உணவுக்குழலில் போகிறதேயொழிய குரல்வளைக்குள் போவதில்லை. தானே போகும் நோயைத் தான் போக்கியதாக மந்திரவாதி பெயர் வாங்கிக்கொள்வதும் இங்கேதான். அந்தப் பெயரை நம்பித்தான் தானே போகாத நோய்க்காரனும் அவனிடம் போய்க் காலத்தை இழக்கிறான்.

மூன்று வாரம் கடந்தும் கம்மல் போகவில்லையானால், அதிலும் பீடி, சுருட்டு, மதுப் பழக்கமுள்ளவரானால், அது குரல்வளைப் புற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். சளியில் இரத்தம், விழுங்கக் கஷ்டம், கழுத்தில் கட்டி இவை கண்டால் மூன்று வாரமும் காத்திருக்கலாகாது. மூச்சுத் திணறினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஜெர்மன் சக்கரவர்த்தி மூன்றாம் பிரெடரிக்குக்கு 1887-ஆம் வருஷத் தொடக்கத்தில் வெறும் கம்மலாகவே ஆரம்பித்தது. 1888 மார்ச்சில் பட்டத்துக்கு வந்தவர் 99 நாளில் குரல்வளைப் புற்றால் மாண்டார். கிரீடம் காப்பாற்றவில்லை; அக்காலத்தில் நல்ல சிகிச்சையும் இல்லை. இன்றோ ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் கதிர் சிகிச்சையாலோ அறுவையாலோ மிகப் பலருக்குக் குணமாகிறது.

கண்டுகொள்வதும் கஷ்டமல்ல. 1854-லேயே மானுவேல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் கொண்டு தம் குரல்வளையைத் தாமே பார்த்துவிட்டார். இன்று காது மூக்கு தொண்டை வைத்தியர் அதைச் சில நிமிஷத்தில் பார்த்துச் சொல்லுகிறார்.

ஆகவே, கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டுமுன் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.