‘பராமரிக்க இயலாத நிலை’

எங்கள் ஆபீஸ் பீரோவிலிருந்து எந்தக் கோப்பை உருவினாலும் அந்த வரி இருக்கும்: ‘போதிய வருமானம் இல்லாததால் தாயாரால் குழந்தையைப் பராமரிக்க இயலாத நிலை.’ பெயரும் ஊரும்தான் மாறும். முதலில் அதை எழுதியவர் யாரோ தெரியாது. பின்னால் வந்த சமூகப் பணியாளர்கள் நாங்கள் எல்லோரும் அதை அப்படியே எடுத்து ஒட்டினோம். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள், ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992-இல் இந்தியா ஏற்றதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவர்கள்.

ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017 தை மாதம். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி ஏழு வயதுப் பெண். கணவர் இல்லை. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியாகிவிட்டது. பெரியவளையும் கூட்டிப்போனால் அவளும் கல் அடுக்குவாள் என்பது அந்த அம்மாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். “ஆறு மாசந்தான் சார். சூளை முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போயிடறேன்.” அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்குத் தங்கிப் படிக்க ஓர் இடம் வேண்டும். பக்கத்தில் அரசு மாணவியர் விடுதியில் இடம் இருக்கிறதா என்று ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். விடுதிப் பிள்ளை லீவு விட்டால் வீட்டுக்குப் போய்விடும், யாருடைய ஆர்டரும் வேண்டாம். உறவில் யாராவது பார்த்துக்கொள்வார்களா என்று விசாரித்து, அப்போது மாதம் 2,000 ரூபாயாக இருந்த அரசின் நிதி ஆதரவுக்கு எழுதிப் போட்டிருக்கலாம். (இப்போது அது 4,000.) அதற்கு வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, நாலு முறை தாலுகா ஆபீஸ் என்று அலைய வேண்டும். குழந்தைகள் ஹோமில் சேர்க்க ஒரு கையெழுத்து போதும். சேர்த்தோம்.

சொன்னபடி ஆனி மாதம் அந்த அம்மா வந்து நின்றார். “நடுவுல கூட்டிக்கிட்டுப் போனா படிப்பு கெட்டுடும்மா” என்றோம். குழந்தைகள் நலக் குழுவில் ஆர்டர் வாங்கி வரச் சொன்னோம். போன அன்றைக்கு உறுப்பினர்கள் போதவில்லை. அடுத்த முறை எங்கள் அறிக்கை தயாராகவில்லை. மூன்றாம் முறை ரேஷன் கார்டில் பெயர் சரியில்லை. மூன்று நாள் கூலி போச்சு. நாலாவது முறை அவர் வரவில்லை. கோப்பில் எழுதினோம்: ‘தாயார் தொடர்பில் இல்லை.’

2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று தன் அடிப்படைக் கொள்கைகளிலேயே சொல்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்து 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை கொடுக்கச் சொல்கிறது. எத்தனை அறிக்கைகளை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும். ‘அக்கம்பக்கத்தில் விசாரித்ததில்’ என்று தொடங்கும் பத்தியில் அக்கமும் இல்லை, பக்கமும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் போட வேண்டிய பராமரிப்புத் திட்டத்தில் ‘வருங்கால விருப்பம்’ என்று ஒரு கட்டம். ஒரே இல்லத்தில் நாற்பது பிள்ளைகளும் கலெக்டர் ஆக விரும்பினார்கள். மேலே படித்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வீட்டில் அடியும் அதைவிட மோசமானதும் பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இல்லம்தான் உயிர் கொடுத்தது. ஒப்பந்தச் சம்பளம், ஆளுக்கு நூறு கோப்பு என்பதெல்லாமும் உண்மைதான். இது சாக்கு அல்ல என்று சொல்லிக்கொண்டே சாக்குச் சொல்கிற வழக்கமும் எங்களுக்கு உண்டு.

இதில் ‘நாங்கள்’ என்பதை ‘நாம்’ என்று மாற்ற வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பிறந்தநாள் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணி அண்டா காரிலிருந்து இறங்கும். பசியோடு பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்குக் கை தட்டிப் பாட வேண்டும். கேக் வெட்டி, ஃபோட்டோ எடுத்த பிறகுதான் இலையில் சோறு விழும். ஒரே மாதத்தில் ஏழு பிறந்தநாள் பாடிய பிள்ளையை எனக்குத் தெரியும். அவனுடைய பிறந்தநாள் பதிவேட்டில் ஜூன் 1 என்று இருந்தது. தேதி தெரியாத எல்லோருக்கும் அங்கே ஜூன் 1. அந்த அண்டாவின் காசில் ஒரு பிள்ளையை அதன் அம்மாவோடு எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று நாம் யாரும் கணக்குப் பார்த்ததில்லை. அம்மாவோடு இருக்கும் பிள்ளையோடு ஃபோட்டோ எடுத்துக்கொள்ள முடியாது, அதுவும் ஒரு காரணம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. இல்லங்களில் கூட்டம் கூடாது, அனுப்ப முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார்கள். நாடு முழுக்க இல்லங்களில் இருந்த சுமார் 2.27 லட்சம் பிள்ளைகளில் 1.45 லட்சம் பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ போய்ச் சேர்ந்துவிட்டதாக அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கணக்குச் சொல்லப்பட்டது. நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். வெளியே ‘அநாதை இல்லம்’ என்று சொல்லி நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தோம். போக வீடும், கதவைத் திறக்க ஆளும் அவர்களுக்கு இருந்திருக்கிறது. வருடக்கணக்கில் முடியாது என்று நாங்கள் எழுதி வைத்ததை ஒரு கிருமி சில மாதங்களில் முடித்துக் காட்டியது.

அந்தச் சூளைக்காரம்மாவின் மகளுக்கு அப்போது பத்து வயது. கோப்பில் ஃபோன் நம்பர் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று என் கையெழுத்தில் இருந்தது. எப்படி அனுப்புவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். பிரவுன் அட்டையைப் பிரித்தாள். உள்பக்கம் பத்து இலக்கம், அத்தை வீட்டு நம்பர். அழிந்துவிடக் கூடாதென்று மேலே மேலே பேனாவால் எழுதி எழுதித் தாள் குழிந்து, சில இடங்களில் ஓட்டையே விழுந்திருந்தது. மூன்று வருடமாக நோட்டு மாறும்போதெல்லாம் அட்டை மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, அதனால் காட்டவில்லை என்றாள். மறுநாள் சாயங்காலமே அம்மா வந்து கூட்டிப் போனார்.

2021 நவம்பரில் சின்ன வகுப்புகளுக்கும் பள்ளி திறந்தார்கள். இல்லத்தில் கட்டில்கள் காலியாக இருந்தன. எண்ணிக்கை குறைந்தால் மானியம் குறையும். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஃபோன் போட்டோம். அந்த அட்டை நம்பர் இப்போது கோப்பில் இருந்தது. அம்மாதான் எடுத்தார்.

“இந்த வாட்டி எத்தினி வருசம் சார்?”

ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்கம்மா என்றோம்.