மாவுத் திங்கள்

எடின்பரோ, சென் அன்றூஸ் முதலிய ஸ்கொத்லாந்துச் சர்வகலாசாலைகளிலே முன்னாளில் ‘மாவுத் திங்கள்’ என்றொரு விடுமுறை வழங்கிவந்தது. தவணையின் நடுவே வரும் ஒரு திங்கட்கிழமை அது. நாட்டுப்புறத்து ஏழை மாணவன் தவணைத் தொடக்கத்திற் கொணர்ந்த ஓட்ஸ் மா அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். அவன் வீடு சென்று மீண்டும் ஒரு மூட்டை மாவோடு திரும்புதற்கென விடப்பட்ட நாளே அஃது. மாணவர் மூட்டை சுமப்பதைக் கைவிட்ட பின்னரும், இருபதாம் நூற்றாண்டிலே விடுமுறை மட்டும் அப்பெயரோடு நிலைத்து நின்றது. விடுமுறையை விட்டுக்கொடுக்க எந்நாட்டு மாணவர்தாம் இசைவர்!

அந்நாட்டிலே கோடை குறுகியது. மழையும் குளிரும் மிகுதி. கோதுமை செழித்து வளராத நிலத்திலும் ஓட்ஸ் விளையும். ஆதலின் உழவனுக்கும் போர்வீரனுக்கும் அதுவே உணவாயிற்று. பதினான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபுறுவாசார், ஸ்கொத்லாந்துக் குதிரைவீரர் தட்டையான இரும்புத் தகடொன்றும் ஒரு பை ஓட்ஸ் மாவும் உடன்கொண்டு சென்றனர் என எழுதிவைத்தார். தங்குமிடத்தில் நெருப்பு மூட்டித் தகட்டைக் காய்ச்சி, மாவை நீரிற் குழைத்துச் சுட்டு உண்பராம்.

ஆங்கிலப் பேரறிஞர் ஜோன்சன் 1755ஆம் ஆண்டு வெளியிட்ட அகராதியிலே, ஓட்ஸுக்குப் பொருள் கூறுமிடத்து, குதிரைத் தீனியை உண்பவர் என்னும் கருத்துப்பட ஸ்கொத்லாந்தியரை எள்ளினார். குரக்கன் ரொட்டியைக் கண்டு முகஞ் சுளிப்போர் நம்மிடையிலும் உளரன்றோ! ஆனால் அக்காலத்தில், எள்ளப்பட்ட அச்சிறு நாட்டிலே எடின்பரோ, கிளாஸ்கோ, அபடீன், சென் அன்றூஸ் என நான்கு நகரங்களிற் சர்வகலாசாலைகள் விளங்கின. செல்வம் மிக்க இங்கிலாந்திலோ ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் என இரண்டே இருந்தன.

ஒன்றை மறத்தலாகாது. வீட்டிலே ரொட்டி சுட்டவர் பெரும்பாலும் பெண்களே. அப்பெண்களுக்குப் பட்டம் வழங்க அச்சர்வகலாசாலைகள் 1892ஆம் ஆண்டு வரை இணங்கவில்லை. தம்பியின் மூட்டையைக் கட்டிக் கொடுத்த தமக்கை, தானும் படிக்க விரும்பியிருந்தால்? அக்கேள்வியைக் கேட்பார் அன்று அரியர்.

இனி, ரொட்டி சுடும் முறை. ஓட்ஸ் மா 225 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு சிட்டிகை. கடையில் வாங்கும் தட்டை ஓட்ஸாயின் ரவைபோற் கரகரப்பாக அரைத்துக்கொள்க. மென்மையாக அரைத்தல் தவறு. அந்நாட்டார் முற்காலத்திற் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பை இட்டனர். நமக்கு வெண்ணெயே ஏற்றது. அதனை உருக்கி ஒரு மேசைக்கரண்டி விட்டு, கொதிநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைக்க. ஆறினால் மா வெடித்து உதிரும். எனவே விரைவு வேண்டும். பலகையில் ஓட்ஸ் மாத் தூவி, மெல்லிய வட்டமாகத் தேய்த்து, நான்காக வெட்டுக. அத்துண்டை ‘ஃபார்ல்’ என்பர். நாலிலொன்று என்பதே அதன் பொருள். எண்ணெய் தடவாத தோசைக்கல்லிலே மெல்லிய நெருப்பிற் சுடுக. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டதும் எடுத்து, மறுபுறத்தை அடுப்பின் எதிரே வாட்டுவது அவர்தம் முற்கால வழக்கம். நாம் திருப்பிப் போட்டுச் சற்றே வைத்தாற் போதும்.

வெண்ணெயோ சீஸோ வைத்து உண்பர். சூடான சூப்போடும் நன்று. மிஞ்சியவற்றை முற்காலத்து இல்லத்தரசியர் மாப்பெட்டியிலே மாவுக்குள் புதைத்து வைத்தனர், மொறுமொறுப்புக் கெடாது.