கடலில் காணாமற் போனவனைத் தேடுவது யார் பொறுப்பு?

ஒரு மில்லில் தீப்பிடித்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர் என்பதுதான். ஷிப்டுக்கு வந்தவர்களின் பெயர் மஸ்டர் ரோலில் இருக்கிறது. வெளியே வந்தவர்களை எண்ணினால், உள்ளே சிக்கியவர் யார், எந்த இயந்திரத்தில் வேலை செய்தவர் என்பது சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் குளக்கரை உடைந்தால் நாஞ்சில் நாட்டு விவசாயத் தொழிலாளி தாசில்தாரின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. மண்வெட்டியையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு ஊரே ஓடுகிறது. எந்த மடை எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்தப் பள்ளத்தை நோக்கிப் பாயும், எந்தக் குடிசை முதலில் மூழ்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

ஆபத்தில் சிக்கியவனை மீட்க இந்த இரண்டும் வேண்டும்: சரியான கணக்கும், இடம் தெரிந்த ஆளும். இவை இல்லாவிட்டால் எத்தனை கப்பல், எத்தனை விமானம் இருந்தாலும் தேடுதல் குருட்டுத் தேடுதலாகவே முடியும். குமரி ஜில்லா 2017-ம் ஆண்டில் நூற்றுக்கணக்கான உயிர்களை விலையாகக் கொடுத்து இதைக் கற்றது. அந்தப் பாடத்தை மறக்க நமக்கு உரிமை கிடையாது.

ஒக்கிப் புயலில் நடந்தது என்ன?

2017 நவம்பர் 29-ந் தேதி காலையில் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்த காற்று, 30-ந் தேதி காலையில் குமரிக் கடலில் புயலாக மாறியது. ஒரே நாள்! ரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்தன. கும்பப்பூப் பயிர் நின்ற வயல்களில் வெள்ளம் புகுந்தது. மின்கம்பங்கள் விழுந்து ஜில்லா இருளில் மூழ்கியது. தொலைபேசியும் ஓய்ந்தது. கரையில் இருந்தவர்களுக்கே ஒருவர் செய்தி மற்றவருக்குத் தெரியாத நிலை. கடலில் இருந்தவர்களை யார் நினைத்தார்கள்?

நீரோடி, மார்த்தாண்டம்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டுக் கிராமங்களின் மீனவர்கள் ஆழ்கடல் தொழிலாளிகள். தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பதற்காக நூற்றுக்கணக்கான கடல் மைல் தூரம் போகிறவர்கள். போனால் வாரக்கணக்கில் தங்கல். புயல் உருவாவதற்கு வெகு நாட்களுக்கு முன்பே அவர்கள் புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற எச்சரிக்கை, கரையில் நிற்பவனுக்கு மட்டுமே பயன்படும் எச்சரிக்கை. பத்து நாட்களுக்கு முன்பு போனவனுக்கு அதை யார் சொல்வது? படகில் உள்ள வயர்லெஸ் சில பத்துக் கடல் மைல்களுக்குள்தான் பேசும். அதற்கு அப்பால் இருப்பவன் காதில் எந்தச் சர்க்காரின் குரலும் விழவில்லை. புயலோ லட்சத்தீவு வரை சென்று, வடக்கே திரும்பி, டிசம்பர் 5-ந் தேதி வாக்கில்தான் குஜராத் கரையருகே வலு இழந்தது. தப்பிய படகுகள் லட்சத்தீவிலும், கர்நாடக, மகாராஷ்டிர, குஜராத் துறைமுகங்களிலும் ஒதுங்கின. தப்பாதவர்கள் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதந்தார்கள்.

எத்தனை பேர் மிதந்தார்கள்? இந்தக் கேள்விக்குச் சர்க்காரிடம் பதில் இல்லை. ஊர் ஒரு கணக்குச் சொன்னது, கலெக்டர் ஆபீஸ் ஒரு கணக்குச் சொன்னது, டில்லி இன்னொரு கணக்குச் சொன்னது. கொச்சித் துறைமுகத்திலிருந்து தொழில் செய்த குமரிப் படகுகள் பல. அவற்றில் போனவர்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்ப்பதா, கேரளப் பட்டியலில் சேர்ப்பதா? இந்தக் குழப்பத்தில் நாட்கள் ஓடின. புயல் அடித்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, 661 பேரைக் காணவில்லை, அவர்களில் 400 பேர் தமிழ்நாட்டினர், 261 பேர் கேரளத்தினர் என்று பாதுகாப்பு மந்திரி மக்களவையில் சொன்னார். அந்த எண்ணும் நிலைக்கவில்லை, பின்னர் மாறியது. ஒரு மாதம் தேடிய பிறகும், தேடப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்பது திட்டமாகத் தெரியவில்லை! மில்லில் ஒரு மூட்டை பஞ்சு குறைந்தால் அன்றைக்கே கணக்கு வந்துவிடுகிறது. மனிதன் குறைந்தால் மாதக்கணக்கில் கணக்கு வருவதில்லை.

ஒரு நாள் தாமதம், நான்கு மடங்கு கடல்

தேடுதலில் நேரம் என்பது உயிர். இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருப்பவனைக் காற்றும் நீவாடும் மணிக்கு ஒரு கடல் மைல் தூரம் இழுத்துச் செல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்தத் திசையில் என்பது தெரியாது. ஒரு நாள் கழித்து அவனைத் தேட வேண்டிய வட்டம் சுமார் 1,800 சதுரக் கடல் மைல். இரண்டு நாள் கழித்துத் தேடினால் சுமார் 7,200! தாமதம் இரு மடங்கு ஆனால், தேட வேண்டிய கடல் நான்கு மடங்கு ஆகிறது. தண்ணீரும் உணவும் இல்லாமல் வெயிலில் மிதப்பவனுடைய பலமோ நாளுக்கு நாள் குறைகிறது.

ஆனால் நீவாடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தவனுக்கு அந்த முழு வட்டமும் தேவையில்லை. இந்த மாதத்தில், இந்தக் காற்றில், இன்ன இடத்தில் கவிழ்ந்த படகு இன்ன பக்கம்தான் ஒதுங்கும் என்று அவன் சொல்லுவான். சின்னத்துறைப் படகு எந்தத் திக்கில், எவ்வளவு தொலைவில் தூண்டில் போடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கரையில் நின்றார்கள். 'எங்களைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள், இடத்தைக் காட்டுகிறோம்' என்பதுதான் அவர்கள் கேட்டது. கப்பல்கள் கரைக்குப் பக்கத்திலேயே தேடுகின்றன, எங்கள் ஆட்கள் அதற்கும் வெகு தூரத்தில் இருக்கிறார்கள் என்று கிராமம் கிராமமாகக் குமுறினார்கள். கேரளக் கரையில் மீனவர்களைக் கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு தேடியதும் சில நாட்கள் கழிந்த பின்புதான். பொறுக்கமாட்டாமல் மீனவர்கள் தாங்களே படகெடுத்துக் கடலுக்குப் போனார்கள், தத்தளித்தவர்களை மீட்டும் வந்தார்கள்.

டிசம்பர் 7-ந் தேதி எட்டுக் கிராமத்து மக்களும் ஆயிரக்கணக்கில் நடந்து சென்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமற் போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்பதற்கே ரயிலை மறிக்க வேண்டியிருந்தது! அதன் பிறகுதான் மந்திரிகளின் கவனம் திரும்பியது. தமிழ்நாட்டு முதல் மந்திரி டிசம்பர் 12-ந் தேதியும், பிரதம மந்திரி 19-ந் தேதியும் வந்தார்கள். 10 லட்சமாக இருந்த நிவாரணம் 20 லட்சமாக உயர்ந்தது. ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவரை இறந்தவராகக் கருதலாம் என்ற சாட்சியச் சட்டத்து விதியைத் தளர்த்தவும் போராட வேண்டியிருந்தது. நிவாரணம் நியாயமானது, வேண்டியது. ஆனால் முதல் 48 மணி நேரத்தில் செய்யத் தவறியதை எந்த நிவாரணமும் ஈடுசெய்யாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொந்தளிக்கும் கடலில் கப்பலோட்டிய மாலுமிகளையோ, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி உயிர்களைத் தூக்கிய வீரர்களையோ நாம் குறை கூறவில்லை. அவர்களும் உழைப்பாளிகளின் பிள்ளைகள்தான். உள்ளூர்க்காரனின் கணக்கையும் அறிவையும் கப்பலின் வேகத்தோடு சேர்த்துக் கட்டாத நிர்வாக முறையையே நாம் குறை கூறுகிறோம்.

முடியாத காரியமா?

'ஊர்க்காரர்களைப் புயல் கடலில் விட்டால் அவர்களும் ஆபத்தில் சிக்குவார்கள்' என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் கடலில் மிதக்கும்போது கரையில் கைகட்டி நிற்பவன் எவன்? அவன் போகத்தான் செய்வான். கேட்பாரில்லாமல், டீசல் போதாமல், தனியாகப் போவதா? பயிற்சியும் வயர்லெஸ்ஸும் எரிபொருளும் பெற்று, கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டு, கப்பலின் துணையோடு போவதா? இதுதான் தீர்க்க வேண்டிய விஷயம்.

ஒக்கி முடிந்து ஒன்பதே மாதத்தில் கேரளம் இதற்குப் பதில் சொன்னது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் போனார்கள். உள்ளூர் வாலிபர்கள் படகில் ஏறி வழி காட்டினார்கள். கேரள சர்க்காரின் கணக்குப்படியே 669 படகுகளில் சென்ற மீனவர்கள் குறைந்தது 65 ஆயிரம் பேரை மீட்டார்கள். ஒக்கியில் தங்கள் சொந்தங்களைப் பறிகொடுத்த கரைகளிலிருந்தும் படகுகள் போயின. ஆளும் படகும் அறிவும் மக்களிடம் இருக்கின்றன. அவற்றை இணைப்பதுதான் சர்க்காரின் வேலை.

வெளிநாட்டு அனுபவமும் இதுதான். பிரிட்டனில் 1824 முதல் உயிர்காப்புப் படகுகளை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அந்தந்தக் கரையின் தொண்டர்கள். கியூபாவில் 1963-ம் ஆண்டு ஃப்ளோரா புயல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகு அந்தச் சின்னஞ்சிறு நாடு தெருத்தெருவாக மக்களைத் திரட்டியது. தனியாக இருக்கும் முதியவர் யார், கர்ப்பிணி யார், எந்த வீடு பலவீனமானது என்று குடியிருப்புக் கமிட்டிகள் பட்டியல் வைத்திருக்கின்றன. புயல் பருவத்துக்கு முன்பே நாடு முழுவதும் ஒத்திகை நடக்கிறது. பணக்கார நாடுகளைக் காட்டிலும் குறைந்த சாவோடு அது புயல்களைக் கடந்துவருவதன் ரகசியம் இதுவே.

நாம் கேட்பது

முதலாவது, கணக்கு. தங்கலுக்குப் புறப்படும் ஒவ்வொரு படகிலும் யார் யார் போகிறார்கள், எந்தத் திக்கில் போகிறார்கள் என்ற பட்டியல், படகு கிளம்பும் முன் கரையில் ஒப்படைக்கப்பட வேண்டும். வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளியின் பெயர் ஒன்றுகூட விடுபடலாகாது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பிரதி, மீன்துறையில் ஒரு பிரதி. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரே பொதுப் பட்டியல். இதற்குப் பெரும் செலவில்லை. நோட்டுப் புத்தகத்தில்கூடத் தொடங்கலாம்.

இரண்டாவது, குரல். ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறவும் ஆபத்தை அறிவிக்கவும் உதவும் கருவி வேண்டும். 1 லட்சம் படகுகளுக்கு இத்தகைய கருவி பொருத்தும் திட்டத்தை 2024-ல் மத்திய சர்க்கார் தொடங்கியது. அது ஒவ்வொரு படகிலும் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை ஊர்க் கமிட்டிகள் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அதிகாரம். 2005-ம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஜில்லாப் பேரிடர் ஆணையத்தின் தலைவர் கலெக்டர். கடலோரக் கிராமந்தோறும் மீட்புக் கமிட்டி அமைத்து, அவற்றை ஆணையம் அங்கீகரிக்க வேண்டும். ஆபத்து நாட்களில் கட்டுப்பாட்டு அறையில் இரவு பகலாக மீனவர் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். தேடப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் அந்தக் கடலை அறிந்த இரண்டு மீனவர்களாவது முதல் நாளே ஏற வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. தேடப் போகும் படகுக்கு டீசல், ஆட்களுக்குக் கூலி, உயிருக்கும் படகுக்கும் இன்ஷூரன்ஸ். பிறர் உயிர் காக்கப் போகிறவன் வீட்டில் உலை அணையக்கூடாது.

ஐந்தாவது, ஒத்திகை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு ஆண்டுதோறும் கடலோரமும் உள்நாடும் சேர்ந்து ஒரு நாள் ஒத்திகை நடத்த வேண்டும். 1077 என்ற ஜில்லாக் கட்டுப்பாட்டு அறையின் எண்ணும், 1554 என்ற கடலோரக் காவல்படையின் எண்ணும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்க வேண்டும்.

மில் தொழிலாளத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! இது கடற்கரையின் பிரச்னை, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி கொளச்சலையும் மணக்குடியையும் அழித்தது. ஒக்கி வயலையும் தோப்பையும் கடலையும் ஒரே நாளில் அடித்தது. நாளை குளம் உடையும்போது, வெள்ளத்தில் ஒரு சேரி தீவாகும்போது, நம்மைத் தேடி வரப்போவது அந்த மீனவனின் வள்ளம்தான். ஆகவே உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். உங்கள் ஊரில் முதியவர் யார், நோயாளி யார், தாழ்வான வீடு எது என்ற பட்டியலை இந்த மழைக்கு முன்பே எழுதிவையுங்கள். மீட்புக் கமிட்டிகளில் மீனவ வாலிபரோடு தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள்.

உழைப்பவன் கூலிக்கு மட்டும் கணக்குக் கேட்பது போதாது, உயிருக்கும் கணக்குக் கேட்க வேண்டும். கடலுக்குப் போன ஒவ்வொருவன் பெயரும் கரையில் எழுதப்பட்டிருக்கட்டும். அவன் திரும்பாவிட்டால் அதே மணியில் தேடுதல் தொடங்கட்டும். அதற்காகப் போராடுவோம்!